என் தோலைப் படித்த வெளிச்சம்

கனடாவுக்கு நான் போனது சிவபாலன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு. அதை அவர்கள் 'குடிபூரல்' என்கிறார்கள். கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே போய்விடுவது என்று தீர்மானித்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு பலவீனம். யார் வாயிலிருந்தாவது புதிதாக ஒரு சொல் விழுந்தால் குனிந்து பொறுக்கிக்கொள்வேன். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் திருச்சியில் என் சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு வந்துபோனவர்களின் பேச்சைத்தான்.

சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் சில வருஷம் எங்கள் மாடியில் மனைவி புஷ்பத்தோடும் மகள் தரணியோடும் குடியிருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவர். போன புதிதில் பார்க்டேலில் ஓர் அறை, பிறகு டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி, இப்போது மில்லிக்கனில் சொந்த வீடு. அந்த வீட்டுக்குத்தான் பால் காய்ச்சப் போகிறார்கள்.

விமான நிலையக் கதவைத் தாண்டியதும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்துபோனது. தை மாதம். சிவபாலன் எனக்கு ஒரு பெரிய கோட்டைப் போர்த்தி, கைகளில் கம்பளி கிளவுஸை மாட்டிவிட்டு, "அண்ணை, இஞ்சை மனிசர் எல்லாம் வெங்காயம். வீட்டுக்குள்ளை போனாப் பிறகுதான் உரிக்கிறது" என்றார். வந்து இறங்கியவுடனேயே பொறுக்குவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

அடுக்குமாடி லிஃப்டில் எங்களோடு நாலு நாட்டுக்காரர்கள் ஏறினார்கள். எல்லோரும் கதவுக்கு மேல் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸாக இருந்தால் அந்த நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் சொந்த ஊர், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் தெரிந்திருக்கும். பேச்சுக்குப் பதிலாக அந்த லிஃப்டுக்குள் நாலு வீட்டுக் குழம்பு வாசனை கலந்து நின்றது.

புஷ்பம் பிட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். பரிமாறுவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, ஊசியால் விரல் நுனியில் குத்தி, வந்த ரத்தத்தை ஒரு பட்டையில் தொட்டு, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டார். எனக்கும் அதே வியாதிதான். ஆனால் நான் மாதம் ஒருமுறை மட்டும், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசிக்குக் கை நீட்டுகிறவன். புஷ்பத்தின் விரல் நுனிகள் தையல்காரர் விரல் போலப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தன.

தரணி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன குட்டி, இப்போது பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் விரலைக் குத்தாமல் வெளிச்சத்தாலேயே சர்க்கரையைப் பார்க்க ஒரு மெசின் செய்துகொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலையா என்று நெற்றியில் வெளிச்சம் வைத்துப் பார்க்கிறார்களாம். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்க்கிறார்களாம். இது அவற்றுக்குத் தங்கை, ஆனால் இன்னும் நடக்கப் பழகாத தங்கை என்றாள்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த மெசின் பழகியதெல்லாம் வெள்ளைக்காரர்களின் தோலில். கறுத்த தோலில் வெளிச்சம் தடுமாறும், அது நம்பத் தகுந்ததல்ல என்பது அவளுடைய பேராசிரியரின் எண்ணம். இல்லை என்று காட்ட அவளுக்குக் கொஞ்ச நாள் தந்திருந்தார். காட்டாவிட்டால் இனி வெள்ளைத் தோலில் மட்டும்தான் வேலை. அவள் அம்மா, அப்பா, மேல்மாடி ஜமைக்காக்காரர் என்று கறுத்த கைகளாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரிவரேல்லை எண்டால், மாமா, உந்த மெசின் வரும். எங்கடை அம்மாவுக்கு வராது" என்றாள்.

என் கையைப் பார்த்துக்கொண்டேன். அறுபது வருஷ வெயிலில் வறுத்த கை. இதைவிட நல்ல கை உனக்குக் கிடைக்குமா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவளோடு பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் போனேன். ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. இடது முன்கையை ஒரு பஞ்சுப் பள்ளத்தில் வைக்கச் சொன்னாள். டாக்டர் நெஞ்சில் வைக்கும் குழாய் போல ஒன்று தோலில் வெதுவெதுப்பாக வந்து அழுந்தியது. மேலே கறுப்புத் துணியை மூடினாள். வெளிச்சம் எங்கே என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம். உள்ளே அனுப்புகிறார்கள், தோலும் தண்ணீரும் கொழுப்பும் ஆளுக்குக் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன, சர்க்கரையும் ஒரு துளி விழுங்குகிறது, மிச்சம் திரும்பி வருவதைக் கொண்டு அந்தத் துளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் ஒரே ஒரு பையன் எத்தனை லட்டு தின்றான் என்று, மிஞ்சிய தட்டைப் பார்த்துச் சொல்வது மாதிரி என்றேன். அவள் அதை அப்படியே இங்கிலீஷில் பேராசிரியருக்குச் சொன்னாள். ஹங்கேரியிலிருந்து அந்தக் காலத்தில் வந்தவர், வெண்தாடிக்காரர். நிமிர்ந்து என்னை முதல் முறையாகப் பார்த்தார்.

சரிபார்க்க ரத்தமும் எடுப்பார்கள். இடக்கை மெசினில் மாட்டிக்கொண்டிருப்பதால் குத்துவதெல்லாம் வலக்கையில். எட்டு என்றாள். எங்கள் ஊரில் நூறு, இருநூறு என்றே கேட்டுப் பழகியவன் நான். எட்டு என்றதும் உயிரோடுதான் இருக்கிறேனா என்று பயந்துவிட்டேன். அங்கே கணக்கே வேறாம், எட்டு என்றால் நம் ஊர் நூற்று நாற்பத்து நாலாம். வெளிச்சமும் ஏறக்குறைய அதையே சொல்லியது.

மூன்றாம் நாள் தரணி விடிவதற்குள் போய்விட்டாள். வெறும் வயிற்றோடு நானே வந்துவிடுகிறேன் என்று வீரம் பேசியிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்ற ஒரு ஜமைக்கா அம்மாள் வானத்தைக் காட்டி, சூரியன் வேலைக்கு வந்திருக்கிறது, வேலைதான் செய்யவில்லை என்றார். அந்தச் சந்தோஷத்திலேயே இருந்ததில் ரயிலில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். பிறகு யாரையோ கேட்டு, அவர் கைகாட்டிய டிராமில் ஏறி, அது எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் இறங்கிய இடம் பார்க்டேல்.

பனியில் நடந்து பசி காதை அடைத்தது. தமிழ் எழுத்துப் பலகை போட்ட கடை ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்குள் ஆட்டிறைச்சி ரோல்ஸ் அடுக்கியிருந்தது. கடைக்காரர் இருத்தி, பால் தேநீர் கொடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். யாரோடும் பேசாமல் அவ்வளவு தூரம் வந்த வாய்க்குப் பேச்சும் ரோல்ஸும் சேர்ந்து கிடைத்தன. இரண்டு சாப்பிட்டேன்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தரணி கேட்டதற்கு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றேன். விரல் பதின்மூன்று காட்டியது. வெளிச்சமும் அதற்குப் பக்கத்திலேயே காட்டியது. தோலுக்கு அடியில் நடந்ததைத் தோலுக்கு மேலே இருந்தே படித்துவிட்டது. தரணி எழுதிக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சிவபாலன் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார். பார்க்டேல் கடைக்காரர் போனில் சொல்லிவிட்டாராம். "உங்கடை திருச்சி ஆள் நல்லாச் சாப்பிடுறார், நல்லாக் கதைக்கிறார் எண்டவன்" என்றார். கோட்டைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தரணி மட்டும், பரவாயில்லை மாமா, நீங்கள் சாப்பிட்டதை என்ரை மெசினும் பிடிச்சிட்டுது, எனக்கு அது நல்லதுதான் என்று சமாதானம் சொன்னாள்.

அதனால் நாலாம் நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில், புது வீட்டுக்காக ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போவோம் என்று புஷ்பம் சொன்னார். கோயில் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. வெளியே லாரிகள் நிற்கின்றன, உள்ளே முருகன் வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். வாசலில் செருப்புக்குப் பதில் பனிச் சப்பாத்துகள் மலை போலக் குவிந்திருந்தன.

அபிஷேகம் முடிந்து ஐயர் பஞ்சாமிர்தம் கொடுத்தார். நீட்டிய பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வலக்கையைக் குழித்து வாங்கினேன். வாழைப்பழமும் தேனும் பேரீச்சையும் விரல் இடுக்குகளில் வழிந்தன. ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. புஷ்பத்தின் கையில் அப்படியே சரித்துவிட்டேன். அவர் சாப்பிட்டார். கையில் ஒட்டியது பிரசாதமாயிற்றே, குழாயில் கழுவி விடுவதா? இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, ஒரு காகிதத்தில் துடைத்து, கிளவுஸை மாட்டிக்கொண்டேன். தரணி முன்பே காருக்குப் போயிருந்தாள். சிவபாலன் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.

புஷ்பம் கோயிலில் தங்கிவிட, சிவபாலன் எங்களோடு வந்தார். ஆய்வுக்கூடத்தில் அன்று பேராசிரியரும் கூடவே நின்றார். தரணி அவருக்கு முதல் இரண்டு நாள் அளவுகளையும் காட்டியிருந்தாள் போல. இன்றும் பொருந்தினால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி என்று காதருகில் சொன்னாள். கறுப்புத் துணிக்குள் கையை நீட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக அசையாமல் இருந்தேன். வெளிச்சம் ஆறு என்றது. அவள் ஸ்பிரிட் பஞ்சால் என் வலக்கை விரலைத் துடைத்துக் குத்தினாள்.

பதினெட்டு.

பக்கத்து விரலிலும் குத்தினாள். பதினேழு சொச்சம்.

பேராசிரியர் தாடியைத் தடவினார். மெதுவான குரலில் தரணியிடம் அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ரத்தம்தான் தராசு, வெளிச்சம் தராசோடு ஒத்துப்போகவில்லை, அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று மரியாதையாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டினார். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்று ஆட்டுகிற ஆட்டல்.

சிவபாலன் என் தோளில் கை வைத்தார். "அண்ணை, சொல்லுங்கோ. நேற்றும் உப்பிடித்தானே சொன்னனீங்கள். இதிலை என்ன வெக்கம்?"

சாப்பிடவில்லை தம்பி என்றேன். சத்தியமாக என்றேன். அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர் பொய்க் கணக்குச் சொல்லும்போது நானும் அப்படித்தான் சிரிப்பேன். நேற்றைய ரோல்ஸ் இன்றைய சத்தியத்தை விழுங்கிவிட்டது. எத்தனை பேர் என்னைச் சுற்றி நிற்கிறார்கள், எத்தனை நேரம் இப்படியே பார்ப்பார்கள், இதை முடித்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

"ஆமா. சாப்பிட்டேன்" என்றேன். கேட்காமலே, இரண்டு லட்டு என்று சேர்த்தும் சொன்னேன். பேச்சுக்காரன் புத்தி. பொய் சொன்னாலும் அதற்குப் பொட்டு வைத்து அனுப்பினால்தான் திருப்தி.

சிவபாலன் தோளைத் தட்டினார். பேராசிரியர் குறித்துக்கொண்டார். எல்லோருக்கும் மூச்சு விட முடிந்தது. தரணி மட்டும் மெசின் பக்கம் திரும்பி நின்று, கறுப்புத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சாப்பிட்டிருந்தால் ரத்தம் சொன்னது சரி. ரத்தம் சரியென்றால் அவளுடைய வெளிச்சம் தப்பு. அந்த அறையில் நான் சாப்பிடவில்லை என்று சொன்னது அந்த வெளிச்சம் ஒன்றுதான். அதை நானே பொய்யாக்கிவிட்டேன். உடனே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டாவது தடவையாகப் பேச்சை மாற்றினால் யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சிவபாலன் மட்டும் புது வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் புஷ்பம் உடுப்புகளைத் துவைக்க எடுத்தார். என் கிளவுஸைக் கையில் எடுத்தவர், உள்ளே விரலை விட்டுப் பார்த்து, உது என்ன பிசுபிசுவெண்டு ஒட்டுது என்றார். முகர்ந்தும் பார்த்தார். பஞ்சாமிர்தம். "அண்ணை எனக்குத் தந்ததெல்லோ. எல்லாத்தையும் நான்தானே சாப்பிட்டனான். பாவம், மனிசன் ஒரு சொட்டும் வாயிலை வைக்கேல்லை" என்றார்.

சமையலறை மேசையில் தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்த தரணி நிமிர்ந்தாள். எந்தக் கையில் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிரசாதத்தை வேறு எந்தக் கையில் வாங்குவது? வலக்கை என்றேன். அவள் எழுந்து வந்து என் வலக்கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் பல தடவை கழுவிவிட்ட கை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப லட்டு?"

சிவபாலனும் புஷ்பமும் என்னைப் பார்த்தார்கள். லட்டு இல்லை என்றேன். வீடு மாறக் கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றின் மேல் சிவபாலன் உட்கார்ந்துவிட்டார். களவாகத் தின்றதாக இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டவனை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை தரணி ஒரு சின்ன டப்பாவில் பஞ்சாமிர்தத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பேராசிரியரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் வலக்கை விரல்களைப் பஞ்சாமிர்தத்தில் தோய்த்தார். காகிதத்தில் துடைத்தார். காயவிட்டார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தச் சொன்னார். பதினாறு. இடக்கை விரலில் குத்தினார்கள். ஐந்தரை. விரலில் படிந்த சர்க்கரை ஸ்பிரிட்டுக்கு முழுதாகப் போகவில்லை. பட்டை அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறது. அவருடைய வெள்ளை விரலும் என் கறுப்பு விரல் சொன்ன பொய்யையே சொன்னது.

பேராசிரியர் விரலை நக்கிப் பார்த்து, இது மிக நன்றாக இருக்கிறது, உங்கள் கடவுள் அதிர்ஷ்டக்காரர் என்றார். பிறகு தரணியிடம் கை கொடுத்தார். கறுத்த தோலில் வேலை தொடரட்டும், இனி எல்லோரும் தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவிவிட்டு வரட்டும் என்றார். தரணியின் கண்கள் பளபளத்தன.

நானும் எழுந்து நின்றேன். என் அளவுகள் இப்போது சேர்த்தி ஆகிவிட்டனவா என்று அவளைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அதை அவள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் வற்புறுத்தியதும், குனிந்துகொண்டே சொன்னாள். கருவியில் பிழை இல்லையாம். ஆனால் முந்தாநாள் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்றும், நேற்றுச் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்றும் சொன்னவரின் அளவை எந்த நாளுக்கும் வைத்துக்கொள்ள முடியாதாம். மன்னிக்க வேண்டுமாம்.

நியாயம்தான். மெசினைச் சோதிக்கப் போய் ஆளைச் சோதித்தார்கள், ஆள் தேறவில்லை. தரணிக்கு ஒரு கை குறைந்தது. அடுத்த வாரத்துக்குள் அவள் வேறொரு கறுத்த கையைத் தேட வேண்டும்.

வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோல்ஸ் எனக்கு விளங்குது மாமா. பசி. லட்டுத்தான் விளங்கேல்லை. ஏன் சொன்னனீங்கள்?"

"எல்லாரும் அப்படியே பாத்தாங்கம்மா."

"எல்லாரும் எண்டால், நானுமோ?"

இல்லை, அவள் அப்படிப் பார்க்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் மெசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது சொன்னதையும் என்னையும் சேர்த்தே நம்பிக்கொண்டு. நான் சிரித்தவர்களின் முகத்தைப் பார்த்தேனே தவிர, சிரிக்காதவளின் பக்கம் பார்க்கவில்லை.

எங்களுக்கு எதிர் இருக்கையில் என் வயதுக்காரர் ஒருவர் மடியில் மளிகைப் பையோடு இருந்தார். என்னைவிட ஒரு பிடி கறுப்பு. எந்த ஊர் என்று என் ஓட்டை இங்கிலீஷில் ஆரம்பித்தேன். கயானாவாம். சர்க்கரை உண்டா என்று கேட்டேன். யாருக்கு இல்லை என்று சிரித்தார். இந்தப் பெண் குத்தாமல் வெளிச்சத்தில் பார்க்கிறாள், இவளுக்கு ஒரு கை வேண்டும், கூச்சப்படாமல் வந்து நீட்டுங்கள் என்று கேட்டேன். தரணி பதறி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கோபப்படவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, என் கையைப் பார்த்தார். இவ்வளவு நல்ல கை உங்களிடமே இருக்கிறதே, இதற்கு என்ன வந்தது என்றார்.

தரணி சட்டையை இழுப்பதை விட்டுவிட்டாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

சொன்னேன். ரோல்ஸிலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக்கூடக் குறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், பஸ்ஸில் பலரும் கேட்கும்படி. காது சுட்டது. கேட்டுக்கொண்டிருந்ததில் அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது.